ஜாக்கி, டயர், டீசல் பைப்: பட்டறையில் எந்த ஆபத்தை முதலில் சரிசெய்வது?

பட்டறை_மேற்பார்வை கேட்டது:

வணக்கம். கார், வேன், லாரி மூன்றும் வரும் பட்டறை. எட்டு மெக்கானிக்குகள், இரண்டு உதவியாளர்கள். இரட்டைத் தூண் லிஃப்ட் ஒன்று, ஆய்வுக்குழி ஒன்று. டயர் வேலை, வெல்டிங், பெயின்ட் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கையுறை, கண்ணாடி, முதலுதவிப் பெட்டி இருக்கின்றன.

காயப் பதிவேட்டில் முக்கால்வாசி விரல் வெட்டு, கண்ணில் தூசி, சூட்டுக் காயம், இடுப்புப் பிடிப்பு. அடிக்கடி நடப்பதை முதலில் சரிசெய்வதா, அரிதாக நடந்தாலும் உயிரை வாங்குவதை முதலில் பார்ப்பதா? "கவனமாக வேலை செய்யச் சொல்லுங்கள்" என்ற பதில் வேண்டாம். எது எதனால் பிசகுகிறது, அதற்குப் பதில் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னால் வேலைமுறையாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

---

அடிச்சட்டம் பதில்:

பதிவேட்டின் வரிசையைப் பின்பற்றாதீர்கள். அது எண்ணிக்கையைத்தான் காட்டும். வண்டியில் எங்கெல்லாம் ஆற்றல் அடைபட்டு நிற்கிறது என்று பாருங்கள்: தூக்கி நிறுத்திய எடை, டயர் காற்று, அமுக்கி வைத்த ஸ்பிரிங், எரிபொருள் அழுத்தம், பேட்டரி, பெட்ரோல் ஆவி. ஒவ்வொன்றையும் எது பிடித்து வைத்திருக்கிறது, அது விட்டால் ஆள் எங்கே நிற்பார், இந்த இரண்டு கேள்வியைக் கேட்டால் வரிசை தானாக வந்துவிடும்.

எடையிலிருந்து தொடங்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தாங்குவது எண்ணெய். அந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது சில ரப்பர் சீல்களும் ஒரு குண்டு வால்வும்தான். சீலில் ஒரு கீறல், வால்வு உட்காரும் இடத்தில் ஓர் உலோகத் துகள், கைப்பிடியில் யாரோ கால் இடறுவது, இதில் ஒன்று போதும். அதனால் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். கீழே உடம்பின் எந்தப் பகுதி போவதற்கும் முன்னால் ஸ்டாண்ட் (எடையைத் தாங்கும் இரும்பு முட்டு) ஏறியிருக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது சக்கரக் கட்டையை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிரேக் பிடித்த சக்கரங்கள் அந்தரத்தில். முன்சக்கரங்கள் உருளத் தயாராக இருக்கும். பின்சக்கர இழுவை வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், கியரில் போட்டிருந்தாலும் பயனில்லை. டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்துச் சக்கரம் சுழன்று கொடுக்க, தரையில் இருக்கும் சக்கரம் உருளும். ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, அதுவும் ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே.

வேலைமுறையாக எழுத வேண்டுமானால் இப்படி: சமமான கான்கிரீட் தரை (வெயிலில் இளகிய தார்த் தரையில் ஸ்டாண்ட் கால் புதையும்). கட்டை. இறுகிய சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துதல். தயாரிப்பாளர் காட்டிய புள்ளியில் ஜாக்கி. இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரம், பூட்டுப்பல்லோ பின்னோ முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கி, பக்கவாட்டில் கையால் தள்ளி அசைத்துப் பார்த்தல். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடிவிளிம்புக்குக் கீழே படுக்கப் போடுதல். ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் சில நேரம் ஜோடிக்கானது, ஒன்றுக்கானது அல்ல, லேபிளைப் படியுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். அவை பட்டறைக்குள்ளேயே இருக்கக் கூடாது.

இரட்டைத் தூண் லிஃப்டில் நான்கு பேடும் (லிஃப்ட் கைகளின் நுனியில் வண்டியைத் தாங்கும் தகடுகள்) பட்டதும் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி, வண்டியை அசைத்து, நான்கு பேடையும் மறுபடி பார்த்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றியதும் பூட்டின் மேல் இறக்கி நிறுத்துங்கள், ஹைட்ராலிக்கில் தொங்கவிடாதீர்கள். இன்ஜினைக் கீழிறக்கினால் எடை மையம் பின்னுக்கு ஓடும். வண்டி பின்பக்கமாகக் குடை சாயும். பின்பக்கத்துக்கு உயரமான தாங்கு ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுத்தான் கடைசி மவுன்ட் போல்ட்டைக் கழற்ற வேண்டும். சரியத் தொடங்கிய வண்டியைக் கை கொடுத்துப் பிடிக்க எவரும் முயலக் கூடாது. விலகி ஓட வழி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

டிப்பர் தொட்டி, சாயும் கேபின், காற்று சஸ்பென்ஷன் பேருந்து மூன்றுக்கும் இதே கணக்கு. காற்றுப்பை ஒன்று கசிந்தால் பேருந்தின் உடற்கூடு கீழே இருப்பவரின் மேல் இறங்கிவிடும். சேஸிஸுக்கு ஸ்டாண்ட் வைக்காமல் சக்கர வளைவுக்குள் தலையை நுழைக்க விடாதீர்கள். தொட்டியைத் தூக்கினால் முட்டுத்தடி போட்ட பிறகே ஹோஸைத் தொட வேண்டும்.

---

லாக்ரிங் பதில்:

எடைக்கு அடுத்து டயர். லாரி டயர் பார்க்கும் இடமென்றால் இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்யுங்கள்.

விசையைக் கணக்குப் போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 20 அங்குல ரிம்மின் வட்டப் பரப்பு சுமார் 314 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) காற்று அந்தப் பரப்பைத் தள்ளும் விசை 31,400 பவுண்டு, அதாவது 14 டன்னுக்கு மேல். காற்றடிப்பவர் அந்த வட்டத்துக்கு நேரே குனிந்துதான் உட்காருகிறார்.

இரண்டு விதமாக வெடிக்கும், இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று, பல துண்டு ரிம்மில் லாக் ரிங் (துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையம்) தெறிப்பது. துரு தின்ற பள்ளம், வளைந்த ரிங், வேறு தயாரிப்பின் ரிங்கை இந்த ரிம்மில் மாட்டுவது, காற்று ஏறிய பிறகு சுத்தியலால் தட்டி உட்காரவைப்பது, இவைதான் காரணங்கள். ரிங் சரியாக உட்காரவில்லையென்றால் காற்றை முழுதாக இறக்கிவிட்டு முதலிலிருந்து மாட்ட வேண்டும். வளைந்த ரிங்கை நிமிர்த்தி மறுபடி போடும் வேலையே கூடாது.

மற்றொன்று, பக்கச்சுவர் ஜிப் போலக் கிழிவது. காற்றுக் குறைந்த நிலையில் ஓடிய ஸ்டீல் ரேடியல் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. உள்ளே இருக்கும் எஃகு இழைகள் சோர்ந்து ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே ரப்பர் நன்றாகவே தெரியும். மறுபடி காற்று ஏறும்போது மிச்சமிருக்கும் இழைகள் வரிசையாக அறுந்து வாய் பிளந்துவிடும். பக்கச்சுவர் அலைபோல் புடைப்பது, பொரிவது போல் சத்தம் வருவது இரண்டும் கடைசி எச்சரிக்கை. அப்போது டயரை நெருங்காமல், நின்ற இடத்திலிருந்தே காற்றை நிறுத்தி, ஹோஸ் வழியாகவே இறக்க வேண்டும்.

பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருந்து ஓடிய டயருக்கு வண்டியில் வைத்தே காற்றடிக்கக் கூடாது. சக்கர நட்டைத் தொடும் முன்பே வால்வு ஊசியைக் கழற்றி முழுதும் இறக்க வேண்டும். கழற்றிய பிறகு ஒரு கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள்; அழுக்கு அடைத்துக்கொண்டு காற்று உள்ளேயே நிற்பதுண்டு. இரட்டைச் சக்கரமென்றால் உள் டயர், வெளி டயர் இரண்டையும் இறக்குங்கள். உள்ளே இருக்கும் ரிம் விரிசல் விட்டிருந்தால் அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்டுகளாகவே இருக்கலாம்.

காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான். வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப் முனை, மூன்று மீட்டருக்குக் குறையாத ஹோஸ், கையில் இருக்கும் முனையில் கேஜும் அடைப்பு வால்வும். ஹோஸைக் கையால் வால்வில் அழுத்திப் பிடிக்க வேண்டிய முனை இருக்கும்வரை, கூண்டு வாங்கியும் பாதிப் பயன்தான், ஏனென்றால் ஆள் டயருக்கு அருகிலேயே இருக்கிறார். நிற்க வேண்டிய இடம் டிரெட் (தரையைத் தொடும் டயர் முகம்) இருக்கும் திசை. பக்கச்சுவருக்கு நேரே எந்தப் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. எதிர்ப்பக்கச் சுவரை மறந்துவிடாதீர்கள், அந்தப் பக்கம் வேறொருவர் வேலை செய்துகொண்டிருப்பார்.

---

பட்டறை_மேற்பார்வை:

மிக்க நன்றி. கிளிப் முனை எங்களிடம் இல்லை, கூண்டும் மூலையில்தான் கிடக்கிறது. ஒரு சந்தேகம்: ரிம்மில் முடி போல் வெடிப்பு தெரிந்தால், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் இறக்கிவிட்டு, டயரோடேயே வெல்டிங் வைக்கலாமா? ஊசி இல்லாததால் அழுத்தம் சேராது என்கிறார்கள்.

---

லாக்ரிங் பதில்:

கூடாது. ஊசி இல்லாவிட்டாலும் வெடிக்கும். ரிம் சூடானதும் உள்ளே டயர் ரப்பரும் பீடில் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பில்) தடவிய மசகும் சிதைந்து எரியக்கூடிய வாயுவாகின்றன. அது உள்ளிருக்கும் காற்றோடு கலந்து பற்றினால் அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறும். வால்வுத் துளை அவ்வளவு சிறியது, அந்த வேகத்துக்கு வழிவிடாது. வெல்டிங்கை நிறுத்திச் சில நேரம் கழித்து வெடிப்பதும் உண்டு, ரப்பர் உள்ளே கனன்றுகொண்டே இருப்பதால். இறுகிய சக்கர நட்டை கேஸ் டார்ச்சால் காய்ச்சுவதும் இதே வகை. விரிசல் விட்ட ரிம்முக்கு வெல்டிங்கே வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள்.

---

ரெயில்பம்ப் பதில்:

டீசல் பக்கம் இன்னும் யாரும் தொடவில்லை. இதில் காயம் சின்னதாகத் தெரிவதுதான் கொடுமை.

பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை) சில நூறு பார் அழுத்தத்தில் திறக்கும் (ஒரு பார் ஏறத்தாழ காற்று மண்டல அழுத்தம்). எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது அந்தக் காலத்துப் பழக்கம். காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தித் தேக்கும் முறை) அழுத்தம் 1,600 முதல் 2,000 பார், சிலவற்றில் அதற்கும் மேல். மனிதத் தோலைத் துளைக்க 7 பார் அளவு அழுத்தத்தில் வரும் நுண்தாரையே போதும். அதனால் காமன் ரெயிலில் இன்ஜின் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. எந்த சிலிண்டர் என்பதை ஸ்கேனரில் பார்க்கலாம். இன்ஜினை நிறுத்திய பிறகும் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர்.

கசிவு தேட விரலால் பைப்பைத் தடவிப் பார்க்கிறார்கள். நிறுத்தச் சொல்லுங்கள். நீளமான குச்சியில் அட்டைத் துண்டைச் செருகி, கசியும் இடத்துக்கு அருகே நகர்த்தினால் அட்டையில் ஈரம் தெரியும். டிப்பர் ஹைட்ராலிக் ஹோஸுக்கும் இதே முறைதான். கிரீஸ் கன்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) அடைத்திருக்கும்போது ஹோஸைக் கையில் சுற்றிப் பிடித்து அழுத்தினால், ஹோஸில் ஊசித்துளை விழுந்து கிரீஸ் உள்ளங்கைக்குள் போகும்.

காயம் பட்டால் தெரிவது ஊசி குத்திய புள்ளி, கொஞ்சம் மரத்துப்போன உணர்வு, அவ்வளவே. ரத்தம்கூட வராது. ஆனால் உள்ளே எண்ணெய் தசைநார் உறை வழியாக விரலிலிருந்து உள்ளங்கைவரை பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, ரத்த ஓட்டம் நின்று திசு செத்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையில் திறந்து கழுவாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. பேண்டேஜ் ஒட்டிவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. பிசைந்து எண்ணெயை வெளியே எடுக்க முயலக் கூடாது. மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்தி, கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். "உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று அந்தச் சொற்களாலேயே சொல்லச் சொல்லுங்கள். எந்தத் திரவம், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால் ஊசிக் குத்து என்று நினைத்து டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

---

ஆவிப்பொறி பதில்:

பெட்ரோல், குழி, பேட்டரி பற்றி நான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். வழிந்து ஆய்வுக்குழிக்குள் தேங்கும், மேலே நிற்பவருக்கு வாடைகூடத் தெரியாது. காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு கலந்தால் போதும், பற்றும். ஆகவே பெட்ரோல் டேங்க், ஃபில்டர், எரிபொருள் பைப் வேலை எதையும் குழியின் மேல் வைத்துச் செய்யக் கூடாது. குழிக்குள் கண்ணாடி பல்பு கைவிளக்கு வேண்டாம். கீழே விழுந்து உடையும் நொடியில் சூடான இழை ஆவியைத் தொடும். மூடிய எல்இடி விளக்கு, அதுவும் ஆவி புகாத வகை வாங்குங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் எரியும் விகிதத்தில் கலந்திருப்பதால். வெளியிலிருந்து தண்ணீர் விட்டு அலசியதை நம்பி வெல்டிங் வைக்காதீர்கள். டேங்க் வேலையை அதற்கென உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். பாகம் கழுவ பெட்ரோல் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிட்டு, தீப்பற்றும் வெப்பநிலை கூடிய கழுவு திரவத்துக்கு மாறுங்கள்.

பேட்டரி: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், 4 விழுக்காட்டிலேயே எரியும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். காரணம்: பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் சுற்று முடியாது. ஜம்பர் கேபிளின் கடைசிக் கிளிப்பை இறந்த பேட்டரியின் டெர்மினலில் மாட்டாமல், தள்ளி இன்ஜின் உலோகத்தில் மாட்டினால் பொறி ஹைட்ரஜனுக்கு அருகே விழாது. ஆசிட் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், மருத்துவமனைக்கு அதன்பிறகு. குழாய் எங்கே என்று தேடும் நிலை இருக்கக் கூடாது.

செல்ஃப் மோட்டார் டெர்மினலை ஸ்குரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்வதைத் தடை செய்யுங்கள். வண்டி கியரில் இருந்தால் முன்னே நிற்பவர் மீதோ அடியில் படுத்திருப்பவர் மீதோ ஏறிவிடும். அடியில் ஆள் இருக்கும்போது சாவி அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கை வெந்துகொண்டேதான் இருக்கிறது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். மூடிய கூரைக்குக் கீழே இன்ஜினை ஓடவிடுவதானால் சைலன்சர் முனையிலிருந்து வெளியே போகும் குழாய் கட்டாயம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குழிக்குள் இருப்பவருக்குத் தலைவலி தொடங்கும்போதே நேரம் கடந்திருக்கும்.

---

உலர்தூசி பதில்:

மேலே சொன்ன வரிசையோடு ஒரு மாறுபாடு எனக்கு. உயிரை வாங்குவதை முதலில் பார்க்க வேண்டும் என்றால், பதிவேட்டில் ஒருநாளும் ஏறாதவையும் அந்தப் பட்டியலில்தான் வர வேண்டும். பத்து, இருபது, முப்பது ஆண்டு கழித்துத் தெரியும் நோய்களை எவரும் பட்டறையோடு சேர்த்து எழுதுவதில்லை.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் ஏர் கன்னால் ஊதுகிறார்களா? முதலில் அதை நிறுத்துங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும், துணியை ஈரத்தோடேயே பையில் கட்டிப் போட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கேனில் குளோரின் சேர்மம் எழுதியிருந்தால் அது வெல்டிங் பக்கமே வரக் கூடாது, காய்ந்துவிட்டது போல் தெரிந்தாலும்.

பெயின்ட் அடிப்பதும் இதே கூரைக்குக் கீழே என்றீர்கள். ஹார்டனர் கலந்த இரண்டு பாகப் பெயின்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும், அடிக்கும் இடம் தனியாகத் தடுத்திருக்க வேண்டும். ஒருமுறை அதனால் ஆஸ்துமா வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். பக்கத்தில் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவருக்கும் அதே காற்றுதான். பழைய இன்ஜின் ஆயில் ஊறிய துணியை பேண்ட் பையில் வைப்பது, கையை பெட்ரோலில் கழுவுவது இரண்டும் தோலைக் கெடுக்கும். ஓட்டிய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உள்ளன. நைட்ரைல் கையுறை போதும்.

பதிவேட்டில் உள்ள சின்னக் காயங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணில் தூசிக்குப் பாதிக் காரணம் ஏர் கன். சுத்தம் செய்யும் காற்று 30 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கட்டும், உடம்பில் உள்ள தூசியை ஊதவே கூடாது. கிரைண்டரில் காப்புத் தகடு கழற்றியிருந்தால் அந்தக் கிரைண்டரை அலமாரியில் பூட்டுங்கள். டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், ஈரத்தில் கிடந்த பழைய டிஸ்க் உடைந்து பறக்கும். இம்பாக்ட் கன்னில் பளபளக்கும் குரோம் சாக்கெட் மாட்டக் கூடாது, கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான். இடுப்புக்கு கியர்பாக்ஸ் ஜாக்கி வாங்குங்கள். மார்பில் தாங்கி இறக்கும் முறை இருக்கும்வரை இடுப்புப் பிடிப்பு பதிவேட்டிலிருந்து போகாது.

---

பட்டறை_மேற்பார்வை:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரமே கிளிப் முனையும் ஸ்டாண்டும் வாங்கப்போகிறேன். ஏர் கன்னால் பிரேக் ஊதுவது இன்றோடு நின்றது. கடைசியாக ஒன்று: லாரியின் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கால் பிரேக் பிடிக்கும் உருளை) கழற்றி, பழையதைப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறோம். அதில் ஏதாவது இருக்கிறதா?

---

ரெயில்பம்ப் பதில்:

இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பார்க்கிங் பகுதிக்குள் இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியே இருக்கும், காற்று இல்லாவிட்டாலும். மூடியைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றினாலோ உடல் துருப்பிடித்து விட்டாலோ மூடியை ஆள்மேல் எறியும்.

வண்டியில் கழற்றும் முறை: எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள், ஸ்பிரிங்கைப் பூட்டியதும் பார்க்கிங் பிரேக் இருக்காது. சேம்பரின் பின்னால் ரப்பர் மூடியை எடுத்து, பக்கத்துப் பையில் செருகியிருக்கும் பூட்டுப் போல்ட்டை உள்ளே விட்டு, கால் சுற்று திருப்பி, உள்ளே மாட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். பிறகு நட்டைக் கை ஸ்பேனரால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம், உள்ளே பிரஷர் பிளேட்டைக் கெடுத்துவிடும். காற்று இருந்தால் பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு இறுக்கினால் சுமை குறையும். போல்ட் எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், அந்த அளவு வராமல் காற்றுப் பைப்பையோ கிளெவிஸையோ (பிரேக் கம்பியின் நுனி இணைப்பு) தொடாதீர்கள். பெரிய பள்ளம் விழுந்த, துருவேறிய சேம்பரில் போல்ட்டையும் நம்ப முடியாது, அதற்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

பழையதை இரும்போடு போடக் கூடாது. போல்ட் போட்டிருந்தாலும் ஸ்பிரிங் உள்ளே அமுங்கியேதான் இருக்கிறது. பழைய இரும்பு வெட்டுபவர் அதை கேஸ் கட்டரால் திறப்பார். ஸ்பிரிங்கை அடைத்து விடுவிப்பதற்கென்றே செய்த எஃகுப் பெட்டி உண்டு. அது உங்களிடம் இல்லையென்றால், புதிய சேம்பர் வாங்கும் இடத்தில் பழையதைத் திரும்ப எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அதுவரை போல்ட்டோடு, "ஸ்பிரிங் உள்ளே, திறக்காதே" என்று பெயின்டில் எழுதித் தனியாகப் பூட்டி வையுங்கள். ஏற்கெனவே இரும்புக் குவியலில் கிடப்பவை இருந்தால், வண்டி ஏறிப் போகும் முன் எடுத்துவிடுங்கள்.